பழைய பிக்கப் வாங்கும் முன்: காகிதத்துக்கு எவ்வளவு, இரும்புக்கு எவ்வளவு?

சிங்கப்பூரில் பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "சிஓஇ இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், சிஓஇ என்பது வண்டியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பதிந்து ஓட்ட அனுமதிக்கும் சான்றிதழ் அல்லவா. ஆனால் பல பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அப்புறம் பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா, ஏர்கான் குளிர்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஏர்கான் சர்வீஸ், தோட்ட வேலை, கேட்டரிங், மின்வேலை என்று சின்னதாகத் தொழில் நடத்துகிறவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு, சில நேரம் வாடிக்கையாளரும் போய்விடுவார். அதனால்தான் இதைக் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பிக்கப் இங்கே கார் இல்லை, சரக்கு வாகனம். இரட்டைக் கேபின் வைத்து, தோல் இருக்கை போட்டு, பார்க்க எவ்வளவு கார் மாதிரி இருந்தாலும் நம்பர் பிளேட் ஜி எழுத்தில்தான் தொடங்கும், சிஓஇ 'சி' பிரிவில்தான் வரும். காரின் பதிவை ரத்து செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் கழிவு இதற்குக் கிடையாது. ஆக, சிஓஇ முடியும் நாளில் உங்கள் கையில் மிஞ்சுவது ஏற்றுமதிக்காரரோ பழைய இரும்புக்காரரோ கொடுக்கும் தொகை மட்டும்தான். நடுவில் பதிவை ரத்து செய்தால் சிஓஇயில் மிச்சமிருக்கும் மாதங்களுக்கான பணம் திரும்ப வரும். அந்தத் தொகைதான் காகிதத்தின் விலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வண்டியின் 10 ஆண்டு சிஓஇக்கு 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டியிருக்கிறார்கள், இன்னும் 36 மாதம் பாக்கி இருக்கிறது என்று வையுங்கள். 30,000-ஐ 120 மாதத்தால் வகுத்து 36-ஆல் பெருக்கினால் 9,000. விற்பவர் கேட்பது 21,000. அப்படியென்றால் நீங்கள் இரும்புக்குக் கொடுப்பது 12,000 வெள்ளி. (5 ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ என்றால் 60-ஆல் வகுக்க வேண்டும்.) இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது: இந்த 12,000 வெள்ளி இரும்பு, பெரிய செலவு எதுவும் வைக்காமல் 36 மாதம் ஓடுமா? வண்டி நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகப் பார்ப்பதில் பயனில்லை. இந்தத் தேதி வரைக்கும் தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும். 14 மாதம் பாக்கியிருக்கும் வண்டியில் கிளட்ச் பாதி தேய்ந்திருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். சிஓஇயை இப்போதுதான் 10 ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கும் வண்டியில் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், துரு பிடித்திருந்தால், எஞ்சின் எவ்வளவு அருமையாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வயசையும் பாருங்கள். சரக்கு வாகனத்துக்குச் சட்டப்படி 20 ஆண்டுதான் ஆயுள், அதற்கு மேல் சிஓஇ புதுப்பிக்க வழியில்லை. 10 வயதைத் தாண்டிய வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நாளெல்லாம் வேலை நாள்தான் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது, வண்டியை யார் எதற்கு ஓட்டினார்கள் என்பது. கிலோமீட்டரைவிட இதைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். இந்தத் தீவில் துவாஸிலிருந்து சாங்கி போனாலே ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், அதனால் வேலை வண்டிகள் பல நேரம் கிலோமீட்டர் குறைவாகவும் எஞ்சின் ஓடிய மணிநேரம் மிக அதிகமாகவும் வைத்திருக்கும். சாலைப் பணிக்கு ஓடிய பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க மஞ்சள் விளக்கு சுற்ற, அம்புக்குறிப் பலகை எரிய, உள்ளே ஏர்கான் போட்டபடி விரைவுச்சாலை ஓரத்தில் நின்றிருக்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது, ஆனால் எஞ்சின் எட்டு மணிநேரம் ஓடியிருக்கும். கூரையில் விளக்கு பொருத்திய துளைகளை ரப்பர் அடைப்பானோ சிலிக்கனோ வைத்து மூடியிருக்கிறார்களா என்று ஏறிப் பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்தால், வெட்டி ஒட்டுப்போட்ட வயர்களில் கறுப்பு டேப் சுற்றியிருப்பது தெரியும். கதவில் பழைய கம்பெனி ஸ்டிக்கரை உரித்த தடமும், வெயிலில் சாய்வாகப் பார்த்தால், பெயின்டில் எழுத்தாகவே நிற்கும்.

கப்பல் பட்டறையிலோ ஜூரோங் தீவிலோ ஓடிய வண்டிக்கு உப்புக்காற்று எதிரி. தோட்ட வேலைக்கு ஓடியதற்கு ஈர மண்ணும் உரமும். விநியோகத்துக்கு ஓடியது என்றால் கிளட்ச்சும் ஓட்டுநர் பக்கக் கதவின் கீலும் முதலில் போயிருக்கும். கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பாருங்கள், ஆடினால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பார்கள் என்று புரியும். மீட்டர் 80,000 காட்டுகிறது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, இருக்கையின் வலது ஓரம் நசுங்கி, ஸ்டியரிங் பளபளக்கிறது என்றால் நான் மீட்டரை நம்ப மாட்டேன். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும், வரிசையாக வைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். ரசீதே இல்லை என்று சொல்கிறவரிடம் விலையைக் குறைத்துத்தான் பேச வேண்டும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். வண்டியைக் காலையில் பாருங்கள், முந்தைய நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவதே நல்லது. டீசல் எஞ்சினின் பாதி வியாதி குளிர்ந்த நிலையில் முதல் இரண்டு நிமிடத்தில்தான் வெளியே தெரியும். நம் ஊர் வெப்பத்தில் நல்ல டீசல் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுத்து இழுத்துப் பிடித்தால் இன்ஜெக்டர், டீசல் பம்ப், கம்ப்ரஷன் ஏதோ ஒன்றில் கோளாறு. அந்த முதல் புகையைப் பார்க்க ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசல், அல்லது கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே போகிறது. கறுப்புப் புகை வேகம் கொடுக்கும்போது லேசாக வந்தால் பழைய எஞ்சின்களில் சகஜம், கொத்தாகக் கொட்டினால் சகஜமில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாய் மேலேயே வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. மூடி குதித்து விழுந்து, உள்ளேயிருந்து புகை புசுபுசுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து காசே செலவில்லாமல் ஒரு டீசல் எஞ்சினின் உள்நிலையைச் சொல்லும் சோதனை இதுதான், விற்பவரின் முகத்தையும் அந்த நேரத்தில் ஒரு பார்வை பாருங்கள். மூடியின் உட்புறம் பால் காப்பி நிறத்தில் குழம்பு மாதிரி படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். கூலண்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீர், அதுவும் துரு நிறத்தில் இருந்தால் பல வருடங்களாக யாரும் அக்கறை காட்டவில்லை என்று அர்த்தம்.

எந்த எஞ்சின் என்று தெரிந்துகொண்டு போனால் தேடுகிற இடமும் தெரியும். டொயோட்டாவின் 1கேடி, பழைய ஹைலக்ஸிலும் டைனாவிலும் ஹையேஸிலும் வந்தது, வலுவான எஞ்சின், ஆனால் இன்ஜெக்டர் அடியிலிருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு உள்ளே புகுந்து எண்ணெயில் கரி சேர்ந்து, அடியில் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சின் எண்ணெய் இல்லாமல் ஓடுகிற கதைதான். அந்த வாஷர்களை மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மிட்சுபிஷி டிரைட்டனின் பழைய 2.5 லிட்டர் 4டி56-இல் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட் என்ற பட்டை, ஏறக்குறைய 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. மாற்றியதற்கு அத்தாட்சி இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள், ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வரைக்கும் அடிபடும். நிசான் நவாராவின் வொய்டி25-இல் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின்தான், ஆனால் நீண்டு போகும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் முன்பக்கம் சலசலவென்று சத்தம் வந்தால் விலகிவிடுங்கள். இசுசு டி-மேக்ஸின் 4ஜேஜே1 செயின் எஞ்சின், எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது. அதில் வண்டி நின்றபடி ஓடும்போது (ஐடிலில்) ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுழலும் வேகம், ஏறி இறங்கி ஆடினால் பல நேரம் டீசல் பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு மட்டும்தான் கோளாறு, பெரிய செலவில்லை. இப்படிப்பட்ட குறையைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம்.

புகை வடிகட்டி, அதாவது டிபிஎஃப். சிங்கப்பூரில் 2018 ஜனவரி முதல் புதிதாகப் பதிவான டீசல் வண்டிகள் யூரோ 6 புகைத் தரம், அதற்கு முன் 2014-இலிருந்து யூரோ 5. இந்த வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தேக்காவிலிருந்து கேலாங், அங்கிருந்து உபி என்று நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே வராது, அதனால் அடைத்துக்கொள்ளும். சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். டிபிஎஃப் சரியாக வேலை செய்யும் வண்டியில் குழாய் கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கும். விரல் கரியாக வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளேயிருப்பதை எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த வண்டியை வாங்காதீர்கள், அடுத்த பரிசோதனையில் அந்தத் தலைவலி உங்களுடையது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். திருப்பும்போதே எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

இப்போது சேசிஸ். இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், சேசிஸ் போனால் வண்டியே போச்சு. நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், விரித்துப் படுக்க ஒரு அட்டை, இது மூன்றும் போதும். வண்டியின் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று கேபினுக்கும் பின்தொட்டிக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு என்றாலோ, இடது பக்கம் ஒரு அளவு வலது பக்கம் ஒரு அளவு என்றாலோ, அளவுக்கு மீறிய பாரத்தில் சேசிஸ் வளைந்திருக்கலாம், அல்லது பின்னாலிருந்து யாரோ மோதியிருக்கலாம். அப்புறம் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பட்டை ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெறும் வண்டியிலேயே அது தட்டையாகிப் போயிருந்தாலும், ஒரு பட்டையின் நிறம் மட்டும் புதிதாக இருந்தாலும் (கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள்), ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் சிமென்ட் ஏற்றிய கதை அது.

கீழே படுத்து, ஸ்பிரிங் சேசிஸோடு சேரும் கொக்கிப் பகுதி, குறுக்குச் சட்டங்கள், கேபின் உட்காரும் ரப்பர்களின் இரும்புத் தாங்கி, இவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு ணங்கென்று பேசும், அரித்த இரும்பு மந்தமாக ஒலித்து துருச் செதில் கொட்டும். மேலாக இருக்கும் செம்பழுப்புத் தூசி பயப்பட வேண்டியதில்லை, செதில்செதிலாக உரிவதுதான் ஆபத்து. அடிப்பகுதி முழுக்கப் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். வெல்டிங் ஒட்டுகள், ஸ்பேனர் தடம் பட்ட போல்ட், பெயின்ட் உடைந்த போல்ட் எதுவானாலும் ஏன் என்று கேளுங்கள். பின்தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதன் அடியில்தான் தண்ணீர் தேங்கி, ஓட்டை விழுந்து கிடக்கும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அந்த வண்டியின் காப்புறுதி உங்களையும் சேர்த்துக்கொள்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளாக்கைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது பயனில்லை. உபி, காக்கி புக்கிட் பக்கம் என்றால் லாரி ஏறும் சரிவுப்பாதை கொண்ட தொழிற்கூடக் கட்டடங்கள் இருக்கின்றன, அனுமதி கேட்டு அந்தச் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி கிளப்புங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, கிளட்ச் உதறுகிறதா என்று அங்கேயே தெரியும். சமதளத்தில் நாலாவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. இரண்டாவது கியரில் வேகம் கொடுத்துவிட்டுச் சட்டென்று காலை எடுங்கள், கியர் தானாக வெளியே துள்ளினால் கியர்பாக்ஸ் திறக்க வேண்டிவரும். பிறகு விரைவுச்சாலையில் ஏறி, வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் 70 வேக வரம்புக்குள், ஏர்கானை முழுசாக வைத்துக் கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்க வேண்டும். திரும்பி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து பாருங்கள். குளிர்ந்த நேரத்தில் காணாத எண்ணெய்க் கசிவு, டீசல் வாடை, கூலண்டின் இனிப்பு வாடை எல்லாம் இப்போது தெரியும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியென்றால் மண் தரையிலோ புல்லிலோ அதைப் போட்டுப் பாருங்கள், இங்கே பல வண்டிகளில் வருடக்கணக்காக யாரும் தொட்டதே இருக்காது.

டயரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

காகித வேலையில் சில விஷயம் மட்டும் கவனம். விற்பவரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையதளத்தில் அவர் கணக்கில் நுழையச் சொல்லி வண்டி விவரத்தை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், அனுப்பிவைத்த படத்தை நம்ப வேண்டாம். முதல் பதிவுத் தேதி, எத்தனை கை மாறியது, சிஓஇ முடியும் தேதி, சாலை வரி, அடுத்த பரிசோதனை எப்போது, எல்லாம் அங்கே இருக்கும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் போய் நேரில் ஒப்பிடுங்கள். வெற்று எடையைப் பாருங்கள்: 2,500 கிலோவைத் தாண்டினால் கிளாஸ் 3 உரிமம் போதாது, கிளாஸ் 4 வேண்டும். சாதாரண பிக்கப்புக்கு இந்தச் சிக்கல் வராது, பின்னால் தூக்குமேடை பொருத்திய லாரிக்குத் தாவினால் வரும். வேலையாட்களைப் பின்னால் ஏற்றுவதாக இருந்தால் கூரையும் உயரமான பக்கக் கம்பிகளும் கட்டாயம், அது விதிப்படி செய்யப்பட்டதா என்று விசாரியுங்கள். சாலைக் கட்டணம் வசூலிக்கும் புதிய இஆர்பி கருவி (ஓபியு) பொருத்தியிருக்கிறதா, திரை ஒழுங்காக எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

"போன மாசம்தான் இன்ஸ்பெக்ஷன் பாஸ் பண்ணுச்சு" என்பதை ஒரு பெரிய சான்றாகச் சொல்வார்கள். அந்தப் பரிசோதனை பிரேக், விளக்கு, புகை, சக்கர நேர்கோடு மாதிரியான சாலைப் பாதுகாப்பு விஷயங்களைப் பார்க்கிறது. கிளட்ச் எவ்வளவு மிச்சம், இன்ஜெக்டர் எப்படி என்றெல்லாம் அது சொல்லாது. விக்கம், எஸ்டிஏ போன்ற நிலையங்களிலேயே வாங்குபவருக்காகத் தனியாகக் கட்டணம் வாங்கிச் சோதித்து அறிக்கை தருவார்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

கம்பெனிப் பெயரில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: குறையுள்ள பொருளை விற்றவரே சரிசெய்யவோ மாற்றித் தரவோ வைக்கும் லெமன் சட்டம் (2012-இல் வந்தது) பயனீட்டாளருக்கானது, தொழிலுக்கென்று வாங்கும் வண்டிக்கு அதை நம்பி இருக்க முடியாது. ஆகவே வாய்ப்பேச்சாகச் சொன்ன உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் வரவேண்டும். முன்பணம் கொடுக்கும்போதே "சோதனை அறிக்கை திருப்தியில்லையென்றால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் உத்தரவாதம் என்றால் எத்தனை மாதம், எந்தப் பட்டறை, கூலி யாருடையது என்பது வரை எழுதச் சொல்லுங்கள். சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா, வண்டி மேல் கடன் பாக்கி உண்டா என்பதையும் பணம் கைமாறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விலை பேசும்போது வண்டி வாங்கிய வாரமே செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுப் பேசுங்கள்: எஞ்சின் எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் எண்ணெய், பின் ஆக்சில் எண்ணெய், ரசீது இல்லாத டைமிங் பெல்ட். முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும் இதையெல்லாம் மாற்றிவிட்டு, அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு அட்டையில் எழுதி ஓட்டுநர் பக்க வெயில் மறைப்பில் செருகி வையுங்கள்.